நாலாம் நாள் ராத்திரி யாரைக் கூப்பிடுவது?

மூன்றாம் நாள் டிஸ்சார்ஜ், நாலாம் நாள் பால் கட்டு. தாய்ப்பால் விஷயத்தில் நம் பக்கத்துப் பெண்கள் படும் பாட்டில் பாதி, இந்த இரண்டும் அடுத்தடுத்து வருவதால் வருகிறது என்பது என் கணிப்பு.

பிள்ளை பிறந்ததும் மார்பில் இருப்பது சீம்பால். மஞ்சளாக, கெட்டியாக, கொஞ்சமாகத்தான் இருக்கும். முதல் நாள் குழந்தையின் வயிறும் அதற்கேற்ற அளவுதான்; ஒரு தடவைக்கு ஒரு டீஸ்பூன் இறங்கினாலே போதும். நஞ்சுக்கொடி வெளியே வந்த பிறகு தாயின் உடம்பில் புரொஜெஸ்டிரோன் அளவு சரிகிறது. அதன் தொடர்ச்சியாக இரண்டாம் நாளுக்கும் நாலாம் நாளுக்கும் இடையில் பால் பெருகுகிறது. சிசேரியன் ஆனவர்களுக்கு இது கொஞ்சம் தள்ளிப்போகலாம். தமிழ்நாட்டில் அப்படிப் பிரசவிக்கிறவர்கள் குறைவா என்ன? 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி நூற்றுக்கு 44.9.

ஆக, வார்டில் நர்ஸ் பக்கத்தில் இருக்கும்போது பெரிதாகப் பால் இருப்பதில்லை. பால் வரும்போது நர்ஸ் இருப்பதில்லை.

என் மூத்தவள் பிறந்த நாலாம் நாள் ராத்திரி கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் அம்மா வீட்டில் இருந்தேன். மார்பு இரண்டும் கல். குழந்தை வாயை வைக்கிறது, வழுக்கிக்கொண்டு போகிறது, வீறிடுகிறது. அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு மெடிக்கலுக்குக் கிளம்பிவிட்டார், பால் டின் வாங்க. பின் வீட்டில் எட்டு மாதக் குழந்தை வைத்திருந்த அக்கா சத்தம் கேட்டு வந்தாள். "இங்க பாரும்மா, கல்லு மாதிரி இருந்தா புள்ள எப்படி வாய்ல வாங்கும்?" என்றாள். வெந்நீரில் நனைத்த துணியைக் கொஞ்ச நேரம் வைத்து, காம்பைச் சுற்றியுள்ள கறுப்பு வட்டத்தை விரலால் உள்நோக்கி அழுத்தி, நாலு சொட்டு பீய்ச்சி விடச் சொன்னாள். அந்த இடம் இளகியது. அப்புறம் குழந்தையின் வாய் பெரிதாகத் திறக்கும்வரை காத்திருந்து சட்டென்று அணைக்கச் சொன்னாள். முகவாய் மார்பில் பதிய வேண்டும், கீழுதடு வெளியே மடிந்திருக்க வேண்டும், காம்பு மட்டும் வாய்க்குள் போனால் போதாது, கறுப்பு வட்டத்தில் பெரும்பகுதி போக வேண்டும்.

ஆஸ்பத்திரியில் சொல்லாத எதையும் அவள் சொல்லவில்லை. சுவரில் ஒட்டியிருந்த படத்திலும் இதேதான் இருந்தது. ஆனால் படம் ராத்திரி பதினொன்றரைக்கு எழுந்து வராது.

இதைத்தான் பொது சுகாதாரத் துறையில் சக தாய்மார் ஆதரவு என்கிறார்கள். அதே தெருவில், அதே மாதிரி வீட்டில், சமீபத்தில் பால் கொடுத்த ஒரு பெண் கொஞ்சம் பயிற்சி எடுத்துக்கொண்டு அடுத்தவளுக்குக் கூட நிற்பது. கேட்க எளிதாக இருக்கிறது. இதற்கு ஏன் பயிற்சி, திட்டம், கூட்டம் எல்லாம்? நம் ஊரில் பெண்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்காததா என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

தாய் வீட்டில் பிள்ளை பெற்றவளைச் சுற்றி இருப்பது யார்? ஆயா, அம்மா, பெரியம்மா. ஆயாவுக்கு ஏழெட்டுப் பிள்ளைக்குப் பால் கொடுத்த அனுபவம் உண்டு, ஆனால் அது ஐம்பது வருஷத்துக்கு முந்திய கதை. அம்மா தலைமுறையில்தான் சிக்கல். டின் பால் வாங்கிக் கொடுப்பது வசதியின் அடையாளமாகவும் பிள்ளை மேல் உள்ள அக்கறையாகவும் பார்க்கப்பட்ட காலத்தில் பிள்ளை பெற்றவர்கள் அவர்களில் பலர். "எனக்கும் பத்தல, உனக்கும் பத்தாது, நம்ம குடும்பத்துக்கே அப்படி" என்று அம்மா சொல்லும்போது அதில் கெட்ட எண்ணம் ஏதுமில்லை. அவளுக்கும் யாரும் கூட நிற்கவில்லை, அவ்வளவுதான்.

"பால் பத்தல" என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். தாய்ப்பாலை நிறுத்தியவர்களிடம் காரணம் கேட்டால் முதலில் வருவது இதுதான். உண்மையாகவே சுரப்பு குறைவாக உள்ளவர்கள் சிலர் உண்டு. தைராய்டு கோளாறு, அதிக ரத்தப்போக்கு, மார்பில் செய்த அறுவை சிகிச்சை என்று காரணங்கள் இருக்கும். மற்றபடி பெரும்பாலும் இது அளவைக் கண்ணால் பார்க்க முடியாததால் வரும் பயம். புட்டியில் கோடு போட்டிருக்கிறது, மார்பில் இல்லை. குழந்தை சாயங்காலம் ஆறு மணிக்கு ஆரம்பித்து ஒன்பது வரை விட்டு விட்டுக் குடித்தால் "பசி அடங்கல" என்று முடிவு கட்டிவிடுவார்கள். சாயங்காலத்தில் அப்படி அடுத்தடுத்துக் கேட்பது முதல் வாரங்களில் சகஜம்.

பால் சுரப்பது கிணறு ஊறுவது மாதிரி. இறைக்க இறைக்க ஊறும். மார்பில் பால் தேங்கி நின்றால் சுரப்பைக் குறைக்கச் சொல்லும் ஒரு பொருளும் அந்தப் பாலிலேயே இருக்கிறது. ராத்திரி ஒரு வேளை டின் பால் கொடுத்தால் அந்த வேளை மார்பு காலியாகாது. உடம்பு தேவை குறைந்ததாக எடுத்துக்கொண்டு சுரப்பைக் குறைக்கும். மறுநாள் கொஞ்சம் கம்மி. அப்போது இன்னொரு வேளை டின். பத்து நாளில் பயந்தது நிஜமாகிவிடும். அதுவும் புரொலாக்டின் என்ற சுரப்புநீர் ராத்திரியில்தான் கூடுதலாக வேலை செய்யும். "பாவம், தூங்கட்டும்" என்று ராத்திரிப் பாலை மட்டும் புட்டிக்கு மாற்றுவது அன்பாகத்தான் தெரியும்.

பால் போதுமா என்று பார்க்க வேறு வழி இருக்கிறது. ஐந்தாம் நாளுக்கு மேல் ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது மூத்திரம் போகிறதா, மலம் மஞ்சளாக மாறியிருக்கிறதா, முதல் சில நாளில் இறங்கிய எடை இரண்டு வாரத்துக்குள் திரும்பி வந்துவிட்டதா. மூன்றும் சரி என்றால் பால் போதும். துணி நனைந்த கணக்கை ஒரு நோட்டில் கோடு போட்டு வைக்கச் சொன்னால் அம்மாவும் கூடச் சேர்ந்து எண்ண ஆரம்பித்துவிடுவார். டாக்டர் சொல்லி அடங்காத பயம் அந்தக் கோடுகளைப் பார்த்து அடங்கும்.

வீட்டு வழக்கங்களை மொத்தமாகத் தூக்கியெறியச் சொல்பவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. கடலூர், புதுச்சேரி கரையோரத்தில் பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறாப் புட்டு போடாத வீடு குறைவு. பூண்டும் மிளகும் போட்டு உதிர்த்த சுறா. அது பாலைக் கூட்டுமா என்பதைப் பற்றி நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் நல்ல புரதம், சூடான சாப்பாடு, இன்னொருத்தி சமைத்துத் தட்டில் வைப்பது, இந்த மூன்றும் பச்சை உடம்புக்காரிக்குத் தேவையானவை. பாலாடையும் அப்படித்தான். மூக்கு வைத்த அந்தச் சின்னக் கிண்ணத்தைக் குறைமாதக் குழந்தைகளுக்குப் பீய்ச்சிய பாலைப் புகட்ட இந்திய ஆஸ்பத்திரிகளில் பயன்படுத்துகிறார்கள். மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளில் ஆங்கிலத்திலும் அதற்குப் பாலாடை என்றே பெயர். புட்டியைவிடக் கழுவச் சுலபம், புட்டிக் காம்புக்குப் பழகி மார்பை மறுக்கும் காம்புக் குழப்பமும் வராது.

மல்லிகைப்பூவை மார்பில் கட்டினால் பால் வற்றும் என்பது பழைய நம்பிக்கை. வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் 1988இல் வெளியிட்ட ஆய்வில் அதைப் பால் வற்றக் கொடுக்கும் மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பூவும் வேலை செய்தது. பால் கட்டிக்கொண்டது என்று பூ வைக்க யோசிக்கிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. கட்டை இளக்க நினைத்துப் பாலையே நிறுத்திவிடக் கூடாது.

பிறந்த குழந்தையின் நாக்கில் எதையாவது தொட்டு வைக்கும் சேனையை மட்டும் விட்டுவிடத்தான் வேண்டும். சர்க்கரைத் தண்ணீர், தேன், கழுதைப்பால் எதுவானாலும் சரி. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு வாதம் மாதிரியான நோயை உண்டாக்கலாம். முதலில் வாயில் படுவது மார்பாக இருக்க வேண்டும், அதுவும் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள். இந்தியாவில் 88.6 சதவீதப் பிரசவங்கள் ஆஸ்பத்திரிகளில் நடக்கின்றன, ஆனால் முதல் மணி நேரத்துக்குள் பால் கிடைத்த குழந்தைகள் 41.8 சதவீதம்தான் என்கிறது அதே குடும்ப நல ஆய்வு. இதில் வீட்டில் இருக்கும் ஆயாவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

சரி, தெருவில் ஒரு அக்கா இருந்தால் எவ்வளவு மாறும்? டாக்காவில் நடத்தி 2000இல் வெளியான ஆய்வு எனக்கு எப்போதும் ஆச்சரியம்தான். அந்தந்தப் பகுதியிலேயே வசித்த, தாங்களும் பால் கொடுத்த பெண்களுக்குப் பத்து நாள் பயிற்சி கொடுத்தார்கள். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் இரண்டு தடவை, பிரசவம் ஆனதும் அடுத்தடுத்து, அப்புறம் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை என்று ஐந்து மாதம்வரை மொத்தம் 15 தடவை வீட்டுக்குப் போகும்படி ஏற்பாடு. ஐந்தாம் மாதத்தில் அவர்கள் போன இடங்களில் தாய்ப்பால் மட்டும் குடித்த குழந்தைகள் 70 சதவீதம். போகாத இடங்களில் 6. மெக்சிகோ நகரில் 1999இல் வந்த ஆய்வு இன்னும் நுணுக்கமானது. ஆறு தடவை போன வீடுகளில் மூன்றாம் மாதம் 67 சதவீதம், மூன்று தடவை போன வீடுகளில் 50, யாரும் போகாத வீடுகளில் 12. நம் நாட்டில் ஹரியானா கிராமங்களில் ஏற்கெனவே இருந்த அங்கன்வாடி, சுகாதாரப் பணியாளர்களையே பயிற்றுவித்துச் செய்து பார்த்தார்கள். பயிற்சி நடந்த ஊர்களில் மூன்றாம் மாதம் 79 சதவீதம், மற்ற ஊர்களில் 48.

பிரிட்டனில் இதே முறை பெரிய பலன் தரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், ஐந்து தடவைக்கும் குறைவாகச் சந்தித்த இடங்களில் வித்தியாசமே தெரியவில்லை. எண்ணிக்கை மட்டுமல்ல, எந்த நாளில் என்பதும் முக்கியம். பத்தாம் நாள் வந்து நலம் விசாரித்தால் அதற்குள் டின் திறந்திருக்கும்.

இந்த யோசனைக்கு வயது அதிகமில்லை. 1956இல் அமெரிக்காவின் சிகாகோ பக்கம் ஏழு தாய்மார்கள் வீட்டுக் கூடத்தில் கூடி லா லெச்சே லீக் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அப்போது அங்கே பத்திரிகையில் மார்பு என்ற சொல்லை அச்சடிக்கவே கூச்சம், அதனால் பால் என்று பொருள்படும் ஸ்பானியச் சொல்லைப் பெயரில் வைத்துக்கொண்டார்கள். நமக்குத் தாய்ப்பால் என்று சொல்வதில் கூச்சமில்லை. கொடுப்பதற்கு இடம் தேடுவதில்தான் கூச்சமெல்லாம். தமிழ்நாட்டு பஸ் ஸ்டாண்டுகளில் பாலூட்டும் அறைகள் வந்ததே 2015இல்தான். உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் 1989இல் மகப்பேறு மருத்துவமனைகளுக்குப் பத்துப் படிகள் வகுத்தபோது, பத்தாவது படியாக இதைத்தான் வைத்தார்கள்: தாய்மார் குழுக்கள் உருவாக உதவுங்கள், டிஸ்சார்ஜ் ஆகும்போது தாயை அங்கே அனுப்பிவையுங்கள். மற்ற ஒன்பதும் ஆஸ்பத்திரிச் சுவருக்குள் நடப்பவை. இந்தப் பத்தாவதுக்குச் சுவருக்கு வெளியே ஆள் வேண்டும்.

வெளியே ஆளே இல்லை என்று சொல்ல முடியாது. கிராம சுகாதார செவிலியர் இருக்கிறார், அங்கன்வாடி அக்கா இருக்கிறார், புதுச்சேரியில் ஆஷா பணியாளர் இருக்கிறார். தாய்ப்பாலை ஊக்குவிக்க மத்திய அரசு 2016 ஆகஸ்டில் தொடங்கிய 'மா' திட்டத்தில் கர்ப்பிணிகளையும் பாலூட்டும் தாய்களையும் கூட்டிப் பேசுவது ஒரு பகுதி. புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரியில் அதே 2016இல் அமுதம் தாய்ப்பால் மையம் தொடங்கினார்கள். ஆங்கில எழுத்தில் சுருக்கினால் ஏடிஎம் வரும்படி யாரோ ரசித்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். பால் மிகுதியாக உள்ள தாய் கொடுப்பதைச் சோதித்து, 62.5 டிகிரியில் அரை மணி நேரம் பதப்படுத்தி, குறைமாதக் குழந்தைகளுக்குக் கொடுக்கிறார்கள். அதுவும் ஒரு தாய் இன்னொரு தாய்க்குச் செய்வதுதான்.

ஆனால் நம் பக்கத்துக்கென்று ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் உள்ள முள்ளோடை எல்லை. அந்தப் பக்கம் போகிறவர்கள் எல்லோரும் சரக்கு வாங்கப் போகிறவர்கள் என்று நினைக்க வேண்டாம். கடலூர், நெல்லிக்குப்பம், பண்ருட்டி பக்கத்துப் பெண்கள் பலர் பிரசவத்துக்குப் புதுச்சேரியில் கோரிமேட்டு ஜிப்மருக்கோ எல்லைப்பிள்ளைச்சாவடி அரசு மகளிர் ஆஸ்பத்திரிக்கோ போகிறார்கள். தமிழ்நாட்டில் கர்ப்பத்தைப் பதிந்து கொடுக்கும் பிக்மி நம்பர் போட்டு மாதா மாதம் பார்த்த செவிலியர் ஒரு அரசாங்கத்தின் கீழ், பிரசவம் பார்த்த ஆஸ்பத்திரி இன்னொன்றின் கீழ். குழந்தை பிறந்த செய்தி அந்தச் செவிலியருக்குப் போன் போட்டுச் சொன்னால் உண்டு. கல்யாணமான ஊர் வில்லியனூர், தாய் வீடு பாகூர், தடுப்பூசி அட்டை கடலூர் என்றால் நாலாம் நாள் ராத்திரி யாருடைய கணக்கில் வரும்? தெரு அக்காவுக்கு இந்த எல்லை கிடையாது.

அப்படி ஒரு அக்காவை எங்கே தேடுவது என்றால், புதிதாக ஒரு சங்கம் ஆரம்பிக்கத் தேவையில்லை என்றுதான் சொல்வேன். ஒவ்வொரு தெருவிலும் மகளிர் சுய உதவிக் குழு இருக்கிறது. பன்னிரண்டிலிருந்து இருபது பேர், வாரமோ மாதமோ கூடுகிறார்கள், நோட்டு எழுதத் தெரியும், யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரியும். அதில் ஒருத்தி இந்தப் பயிற்சியை எடுத்துக்கொண்டால் போதும்.

"யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரியும்" என்பதில் ஆபத்தும் இருக்கிறது. காம்பு வெடித்தது, தையல் பிரிந்தது, மாமியார் திட்டியது எல்லாம் மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் பேச்சானால் அடுத்தவள் வாயைத் திறக்க மாட்டாள். சாதி பார்த்து ஒரு தெருவுக்குள் போகாத ஆளைப் போட்டும் பலனில்லை. ஊர்ப் பகுதிக்கு ஒருத்தி, காலனிக்கு ஒருத்தி என்று தனித்தனியாகத்தான் தேட வேண்டியிருக்கிறது. இதைச் சொல்லவே சங்கடமாக இருக்கிறது, இருந்தாலும் நிலைமை அதுதான்.

பயிற்சியில் முக்கால்வாசி, எப்போது கையை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதாகத்தான் இருக்க வேண்டும். மார்பில் ஒரு இடம் சிவந்து காய்ச்சலும் அடித்தால் ஆஸ்பத்திரி. குழந்தை பாலுக்கு எழாமல் தூங்கிக்கொண்டே இருந்தால், மஞ்சள் காமாலை காலுக்கு இறங்கினால், மூத்திரம் குறைந்தால் உடனே ஆஸ்பத்திரி. பிள்ளையைத் தூக்கவே பிடிக்கவில்லை, செத்துப்போகலாம் போலிருக்கிறது என்று தாய் சொன்னால் அதைக் கண்ணேறு, காத்துக்கருப்பு என்று தள்ளாமல் அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும். மருந்து பேர் சொல்வது அக்காவின் வேலையில்லை. டின் கம்பெனிக்காரர்கள் கொடுக்கும் எதையும் தொடக் கூடாது. 1992இல் வந்து 2003இல் திருத்தப்பட்ட சட்டப்படி பால் பவுடருக்கும் புட்டிக்கும் விளம்பரம் செய்வதும் இலவச மாதிரி கொடுப்பதும் குற்றம்.

சில பெண்களுக்கு எவ்வளவு முயன்றாலும் பால் போதாது. டாக்டர் சொல்லி டின் பால் கொடுக்கிறவளைக் குற்றவாளி மாதிரிப் பார்க்கும் அக்கா ஊருக்கே கெடுதல். பிரச்சாரக் குரலில் பேசும் சிலரை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் வந்துவிட்டுப் போனால் தாய் இன்னும் கொஞ்சம் அழுவாள்.

டின் பால் எப்போது உண்மையிலேயே உயிருக்கு ஆபத்தாகும் என்பதை நம் கரையோரம் 2004 சுனாமிக்குப் பிறகு கண்டது. நல்ல மனதோடு லாரி லாரியாக வந்த நிவாரணத்தில் பால் பவுடரும் இருந்தது. புதுச்சேரியில் பாதிக்கப்பட்ட கிராமங்களில் ஜிப்மர் மருத்துவர்கள் நடத்திய ஆய்வில், இலவசமாக வந்த அந்தப் பவுடரைக் குடித்த குழந்தைகளுக்கு மற்றவர்களைவிட மூன்று மடங்கு வயிற்றுப்போக்கு. தண்ணீர் சுத்தமில்லை, காய்ச்ச அடுப்பில்லை, பிறகு எப்படி இருக்கும்? தானே, ஃபெஞ்சல் என்று நமக்குப் புயல் விட்டபாடில்லை. முகாமில் ஒரு மூலையைத் துணியால் மறைத்து, பாலூட்டும் பெண்ணுக்கு முதலில் குடிதண்ணீர் கொடுத்து, "பயத்துல பால் வத்திடாது, வச்சுக்கிட்டே இரு" என்று பக்கத்தில் உட்கார ஒரு ஆள் இருந்தால் பவுடர் லாரிக்குத் தேவை வெகுவாகக் குறையும். பயத்தில் பால் இறங்குவது கொஞ்ச நேரம் தடைபடும், அவ்வளவுதான். சுரப்பு நின்றுவிடுவதில்லை.

அப்புறம் மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ வருகிறது, மாமியார் வீட்டுக்குத் திரும்பும் நாள். எல்லாம் பழகிக்கொண்ட தெருவை விட்டு, முதலிலிருந்து ஆரம்பிக்கும் தெருவுக்கு. "இன்னுமா தண்ணி கொடுக்கல? வெயில்ல தொண்டை காயாதா?" என்று அத்தை கேட்பார். தாய்ப்பாலில் பெரும்பகுதி தண்ணீர்தான், ஆறு மாதம்வரை சித்திரை வெயிலிலும் தனியாகத் தண்ணீர் தேவையில்லை என்று மருமகள் சொல்வதைவிட, அத்தையின் வயதை ஒத்த பக்கத்து வீட்டம்மா சொன்னால் எடுபடும். பாகூர் அக்கா வில்லியனூர் அக்காவுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவைத்தால் பாதி வேலை முடிந்தது.

வேலைக்குப் போகிறவர்கள் கதை வேறு. 2017இல் செய்த திருத்தத்திலிருந்து 26 வாரச் சம்பள விடுப்பும், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகமும் சட்டத்தில் உண்டு. ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கும் பெண்ணுக்கும், பண்ருட்டியில் முந்திரி உடைக்கிறவளுக்கும் அது எந்த அளவுக்குக் கைக்கு வருகிறது என்று அவர்களையே கேட்க வேண்டும். கையால் பீய்ச்சி மூடி போட்ட எவர்சில்வர் கிண்ணத்தில் வைத்துவிட்டுப் போகலாம். 25 டிகிரி சூட்டுக்குள் நாலு மணி நேரம் தாங்கும், கடலூர் சூட்டுக்கு அதையும் குறைத்துக்கொண்டு ஃபிரிட்ஜில் வைப்பதே மேல். இதையும் ஒருத்தி செய்து காட்டினால்தான் வரும். முதல் நாள் ரெண்டு ஸ்பூன் வந்தால் பயப்படக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மீன் விற்கும் பெண்களுக்கு விடுப்பும் கிடையாது, காப்பகமும் கிடையாது. காலையில் கூடையோடு வந்து உட்காருவாள். ஒன்பதரை, பத்து மணிக்கு நாத்தனார் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவாள். பக்கத்துக் கூடைக்காரி, "நீ போய்க் குடுத்துட்டு வா, நான் பாத்துக்கறேன்" என்பாள். சந்துக்குள் ஒரு திண்ணை, புடவைத் தலைப்பு, கால் மணி நேரம். திரும்பி வரும்போது இவள் கூடையில் ரெண்டு கிலோ சங்கரா விற்றிருக்கும், காசு கூடைக்கு அடியில் இருக்கும்.